பஸ்ஸில் பூட்டிய பெட்டிக்கு விருது கேட்கப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை 750ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு சின்னப் பெட்டி பூட்டினோம். நெல்லியடிச் சந்தியில் நின்று மந்திகை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் ஓர் ஆச்சி, தன் பட்டன் போனில் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும். எங்கள் கணினி திரும்ப அழைத்து, “பஸ் வல்லைப் பாலம் தாண்டிவிட்டது, இன்னும் பத்து நிமிடம்” என்று தமிழில் சொல்லும். கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

இதை முதலில் அனுப்பிய போட்டியில் பெட்டியை யாரும் பார்க்கவேயில்லை. பஸ் உரிமையாளரின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை என்று முதற் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள். சம்மதம் இருந்தது, ஆனால் வாய்ச் சம்மதம். உரிமையாளர் அண்ணை “நீங்கள் பூட்டுங்கோ தம்பி, அதுக்கென்ன” என்று சொன்னதை நாங்கள் கடிதமாக வாங்கி வைக்கவில்லை. அடுத்த வருடம் அதே பெட்டியை, ஒரு கம்பிகூட மாற்றாமல் அனுப்பினோம். இந்தமுறை மெரிட் சான்றிதழ் கிடைத்தது. இடையில் மாறியது கோப்பு மட்டும்தான்.

அந்தக் கோப்பைச் சேர்க்க நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பஸ்ஸைத் தேடிச் சொல்வது, ரயில் கடவையில் எச்சரிப்பது, நெரிசலைப் பார்த்துச் சிக்னல் விளக்கை மாற்றுவது, காசுக்குப் பதில் அட்டையால் ரிக்கெற் எடுப்பது எல்லாவற்றையும் படிவங்களில் ‘நுண்ணறிவுப் போக்குவரத்து’ என்றே எழுதுவார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

1. எந்தக் கதவைத் தட்டுவது?

நுண்ணறிவுப் போக்குவரத்துக்கென்றே தனி விருது தேடி நாங்கள் இரண்டு மாதம் வீணாக்கினோம். உள்ளூரில் பெரும்பாலும் பொதுவான விருதுகளில் பொருத்தமான பிரிவைப் பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

கருவியாகக் கையில் தூக்கிக் காட்டக்கூடிய ஏதாவது செய்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இலங்கைக் கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு நடத்தும் ‘சஹசக் நிமவும்’ போட்டியும் கண்காட்சியும். பாடசாலை மாணவருக்கும் மற்றவருக்கும் அதில் தனித்தனிப் பிரிவு உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் நடத்தும் இளம் கண்டுபிடிப்பாளர் போட்டி.

உங்கள் வேலை பெரும்பாலும் மென்பொருள் என்றால் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் இலங்கைக் கிளை நடத்தும் தேசிய தகவல் தொழில்நுட்ப விருதுகள். பழைய ஆட்கள் ‘என்.பி.கியூ.எஸ்.ஏ.’ என்றுதான் சொல்வார்கள். இதில் வெல்பவர்கள் ‘அபிக்டா’ என்ற ஆசிய பசிபிக் விருதுக்கு இலங்கை சார்பில் போகலாம். மாணவர் பிரிவும் புதிய நிறுவனங்களுக்கான பிரிவும் உண்டு.

கருவியே இல்லை, ஆய்வுதான் செய்தீர்கள் என்றால் இலங்கைப் போக்குவரத்து மற்றும் வழங்கல் சங்கத்தின் ஆண்டு ஆய்வு மாநாட்டைப் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலோ தொழில்நுட்பமோ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான்: இறுதியாண்டு செயற்றிட்டத்தை அறிக்கையாகக் கட்டி அலுமாரியில் வைக்காமல் மாநாட்டுக் கட்டுரையாகச் சுருக்குங்கள். கலாநிதிப் பட்ட ஆய்வு வரை போனவர்களுக்கு, மின், மின்னணுப் பொறியியலாளர்களின் உலக அமைப்பான ‘ஐஇஇஇ’யின் நுண்ணறிவுப் போக்குவரத்துச் சங்கம் சிறந்த ஆய்வேட்டுக்கென்றே விருது வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பழகிப் பார்க்க ‘யாழ் ஐ.டி. ஹப்’ நடத்தும் ‘யாழ் கீக் சலஞ்ச்’ நல்ல களம். அங்கே கேள்வி கேட்பவர்கள் உங்கள் யோசனையின் ஓட்டைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். கொழும்பில் கேட்டு வெட்கப்படுவதை விட இங்கே கேட்பது மேல்.

பிரிவைத் தெரிவு செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டு, பரிசு சுலபம் என்று மாணவர் பிரிவில் விண்ணப்பிக்காதீர்கள். பல்கலைக்கழகப் பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்பார்கள். எங்கள் குழுவில் ஒருவன் அப்போதுதான் பட்டம் பெற்றிருந்தான். மற்ற இருவரும் வேலை செய்பவர்கள். நேர்மையாகத் திறந்த பிரிவுக்குப் போனோம்.

2. இன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

கூகுள் டொக்ஸ் எல்லாம் சரி. ஆனாலும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, ஒவ்வொரு நாளும் என்ன செய்தீர்கள், எது பழுதாகியது, யாரைச் சந்தித்தீர்கள் என்று திகதியோடு எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், பக்கம் கிழிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டு ரியூசன் மாஸ்டர் போட்டார்.

இந்தக் கொப்பி இரண்டு இடத்தில் கைகொடுக்கும். ‘இது உங்கள் சொந்த வேலையா’ என்று நடுவர் கேட்கும்போது ஒன்று. குழுவுக்குள்ளேயே ‘இந்த யோசனை முதலில் யாருடையது’ என்று இழுபறி வரும்போது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

கொப்பியின் பின்பக்கத்திலிருந்து அளவீடுகளை எழுதினோம். எங்கள் கோப்பிலேயே பெறுமதியான தாள் எது என்று கேட்டால் நான் காட்டுவது ஒரு போட்டோ கொப்பிதான். பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் அண்ணை, ஒவ்வொரு பஸ்ஸும் வெளிக்கிட்ட நேரத்தை எழுதி வைக்கும் தாள் அது. மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்கூடப் பிரதியில் விழுந்திருக்கிறது. எங்கள் பெட்டி சொன்ன நேரத்தையும் அவர் எழுதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். எங்களோடு சம்பந்தமில்லாத ஒருவர், வேறு தேவைக்காக எழுதிய பதிவு என்பதால் நடுவர் அதைக் கையில் எடுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன் இருந்த நிலையை அளக்க மறக்காதீர்கள். பூட்டிய பிறகு அந்தப் பழைய நிலை திரும்ப வராது. நாங்கள் நெல்லியடியில் இரண்டு வாரம், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, ஆட்கள் வந்து நின்ற நேரத்தையும் பஸ் ஏறிய நேரத்தையும் எழுதினோம். சலிப்பான வேலைதான். முதல் வருடம் இதைச் செய்யாததால் ‘காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது’ என்று மொட்டையாக எழுதியிருந்தோம். எவ்வளவு, எங்கே, யாருக்கு என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

3. அனுமதிக் கடிதங்கள்: விண்ணப்பம் கவிழ்வது இங்கேதான்

போக்குவரத்தில் நீங்கள் தொடும் எதுவும் உங்களுடையது அல்ல. பஸ் ஒருவருடையது, வழித்தடம் இன்னொருவரின் அனுமதியில் ஓடுகிறது, வீதியும் தண்டவாளமும் வேறு வேறு திணைக்களத்தின் கையில். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் வேண்டும்.

வடமாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் உரிமையாளரின் கடிதமும், வழித்தட பெமிற் கொடுக்கும் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் கடிதமும் தேவை. உரிமையாளர் சங்கத்திடமும் ஒன்று வாங்கி வைத்தால், மற்ற உரிமையாளர்கள் ‘எங்களை வேவு பார்க்கிறீர்களா’ என்று கேட்பது குறையும். இ.போ.ச. பஸ் என்றால் அந்தச் சாலை (டிப்போ) முகாமையாளரிடம் தொடங்குங்கள், கோண்டாவிலோ பருத்தித்துறையோ எதுவானாலும். கொழும்பு பஸ் போல மாகாணம் தாண்டி ஓடுவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும். இதைத் தெரியாமல் தவறான அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தால், ‘எமக்குரியதல்ல’ என்று பதில் வருவதற்கே ஒரு மாதம் போய்விடும்.

வீதியோரம் பலகையோ கம்பமோ நடுவது இன்னும் சிக்கல். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சீ, டீ தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு, உள்வீதிகள் மாநகரசபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. நாங்கள் எங்கள் அறிவித்தல் பலகையை வீதியில் நடாமல் சந்தியிலுள்ள ஒரு பலசரக்குக் கடையின் முகப்புக்குள் மாட்டினோம். கடைக்காரர் ஐயா ஒரு கடிதம் தந்தார், கதை முடிந்தது.

ரயில் கடவை பற்றி ஒரு சொல். பாதுகாப்பற்ற கடவைகள் நம் பக்கம் இருப்பதால் ஒவ்வொரு வருடமும் யாராவது பிள்ளைகள் கடவை எச்சரிக்கைக் கருவி செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ரயில்வே திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் தண்டவாளத்திலோ அதன் எல்லைக்குள்ளோ எதையும் பொருத்தாதீர்கள். வீடியோ எடுப்பதற்காகக்கூட இறங்காதீர்கள். உயிராபத்து ஒரு பக்கம், அத்துமீறியதை நீங்களே படமெடுத்து நடுவருக்கு அனுப்பியதாகவும் ஆகிவிடும். மாதிரித் தண்டவாளத்தில் செய்து காட்டுங்கள், மாதிரி என்று தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது சாரதி. பஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் சாரதி எங்கே இருக்கிறார் என்றும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை இனங்காட்டும் தகவல்களில் இருப்பிடத் தரவையும் சேர்த்தே சொல்கிறது. எனவே சாரதி, நடத்துநர் இருவரிடமும் தமிழில் எழுதிய சம்மதத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். என்ன சேகரிக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள். மிஸ்ட் கோல் கொடுத்த ஆச்சிமாரின் தொலைபேசி இலக்கங்களையும் நாங்கள் அன்றன்று இரவே அழித்தோம். அதை விண்ணப்பத்தில் எழுதியதற்குத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்.

சிம் போடும் கருவியை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் பார்க்க வேண்டும். இந்தத் தலையிடி வேண்டாம் என்றால் கடையில் முறையாக வாங்கிய பழைய அன்ட்ரொய்ட் போன் ஒன்றையே பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் ‘கருவி’யின் வயிற்றுக்குள் இருந்தது திரை வெடித்த ஒரு போன்தான்.

கடிதம் கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அவர்கள் கையெழுத்து வைக்க வேண்டிய கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, ஒரு பிரதியை அச்சிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் கொண்டு போங்கள். உங்கள் கோரிக்கைக் கடிதத்தின் பிரதியில் ‘கிடைக்கப்பெற்றது’ முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். எங்கள் கடிதம் ஒரு அலுவலகத்தில் ஐந்து வாரம் கிடந்தது. முத்திரை குத்திய பிரதி கையில் இருந்ததால்தான் நான்காம் தடவை போனபோது தேடி எடுத்தார்கள்.

4. மேடை ஏறுவதற்கு முன் காப்புரிமையை யோசியுங்கள்

கண்காட்சியில் வைத்துவிட்டால் உலகத்துக்கே காட்டியதாகத்தான் அர்த்தம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: நீங்களே வெளிப்படுத்தியிருந்தால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை கெடாது. ஆனால் ஐரோப்பாவில் இப்படிப் பொதுவான சலுகை கிடையாது. வெளிநாட்டிலும் பதியும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி.

கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த திகதியிலிருந்து 20 வருடம், இடையிடையே புதுப்பிக்கும் கட்டணம் கட்டினால். வெறும் கணித முறைக்கும் வணிகம் செய்யும் முறைக்கும் காப்புரிமை தரமாட்டார்கள். மென்பொருள் நிரல், எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமையின் கீழ் பாதுகாக்கப்படுகிறது.

காப்புரிமை எடுக்காவிட்டாலும், இதே யோசனையை யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்ற தேடல் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனெட், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். சொற்களால் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு இலக்கத்தால் தேடுங்கள்: வாகனம் எங்கே என்று காட்டுவதற்கு ஜி08ஜி 1/123, ரயில் கடவைப் பாதுகாப்புக்கு பி61எல் 29. எங்கள் யோசனையின் முக்கால்வாசியை யாரோ எப்போதோ பதிந்து வைத்திருந்தார்கள். அன்று இரவு மூவரும் சாப்பிடவில்லை. பிறகுதான் மிச்சக் கால்வாசி என்ன என்று யோசித்தோம். இணைய வசதியில்லாத போனுக்குத் தமிழ்க் குரலில் பதில் சொல்வது. விண்ணப்பத்தின் மையமே அதுவாயிற்று.

இந்த இடத்தில் உதவி வேண்டுமென்றால் உங்கள் பிரதேச செயலகத்தோடு சேர்ந்த விதாதா வள நிலையத்துக்குப் போங்கள். அங்கே விஞ்ஞான தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருப்பார். கேட்டு வருகிறவர்கள் குறைவு என்பதாலோ என்னவோ, எங்களை இருத்தி வைத்து இரண்டு மணித்தியாலம் கதைத்தார்.

5. பெயர், முன்னெழுத்து, எழுத்துக்கூட்டல்

நம் ஊர் வியாதி இது. அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் முழுதாக இருக்கும், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தாகச் சுருங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும், வங்கிப் புத்தகத்தில் குறைந்திருக்கும். பரிசுப் பணம் காசோலையாக வந்தால் வங்கியில் நிற்பது நீங்கள்தான்.

ஒரு தாளை எடுத்து, குழுவிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு நான்கிலும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றைத் தெரிவு செய்து எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். வேறுபாடு பெரிதென்றால் ‘இருவரும் ஒருவரே’ என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி இரண்டு பிரதி வைத்திருங்கள்.

நிறுவனமாக விண்ணப்பிப்பவர்களுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவோ கம்பனிப் பதிவோ வேண்டும். தனியாள் அல்லது பங்குடைமை என்றால் பிரதேச செயலகத்தில், கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு தொடங்கும். கம்பனி என்றால் இணையவழியில் பதியலாம். வெறும் போட்டிக்காகக் கம்பனி பதியாதீர்கள். பதிந்த பிறகு வருடாந்த அறிக்கை, வரிக் கோப்பு என்று அது உங்களை விடாது.

6. படிவத்தை நிரப்புதல்

மூன்று மொழியிலும் படிவம் இருந்தாலும் தொழில்நுட்ப நடுவர் குழு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வாசிக்கும். எங்கள் ஆங்கிலம் அப்படி இப்படித்தான். எனவே முதலில் தமிழில் முழுதாக எழுதினோம், பிறகு மொழிபெயர்த்தோம். ஆங்கிலத்தில் நேரடியாக எழுதிய முதல் வருட விண்ணப்பத்தை இப்போது வாசித்தால் என்ன சொல்ல வந்தோம் என்று எனக்கே விளங்கவில்லை.

‘கூகுள் வரைபடம் இதைச் செய்யாதா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். படிவத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். எங்கள் பதில் மூன்று வரிதான்: அந்த வழித்தடத்தின் தனியார் பஸ்களின் நேரடித் தரவு அங்கே இல்லை. எங்கள் பயணிகளில் பலரிடம் ஸ்மார்ட் போன் இல்லை. எங்கள் தரவை ‘ஜிடிஎஃப்எஸ்’ வடிவில் வைத்திருப்பதால் நாளைக்கு யார் கேட்டாலும் கொடுக்கலாம். நிறுத்தங்கள், வழித்தடங்கள், நேரங்கள் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைக்கும் பொது வடிவம் அது. ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். உங்கள் சொந்த வடிவில் தரவை வைத்திருப்பதை விட இது எவ்வளவோ மதிப்பு.

பழுதானதையும் எழுதுங்கள். வல்லை வெளியில் எங்கள் பெட்டிக்கு அடிக்கடி சிக்னல் அறுந்தது. அறுந்த நேரத்துத் தரவைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பும்படி மாற்றினோம். முதல் வருடம் இதை மறைத்தோம், இரண்டாம் வருடம் அரைப் பக்கம் எழுதினோம். நடுவர்கள் அதிகம் கேள்வி கேட்டது அந்த அரைப் பக்கத்தில்தான், அதுவும் ஆர்வமாக.

வீடியோ கேட்டால் மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். ட்ரோன் காட்சி, பின்னணி இசை எதுவும் வேண்டாம். ஆச்சி போனைக் காதில் வைத்துக் கேட்கிறார், தலையாட்டுகிறார், பஸ் வருகிறது. எங்களுடையதில் அவ்வளவுதான் இருந்தது. ஆச்சியிடமும் சம்மதம் வாங்கினோம், இந்தமுறை எழுத்தில்.

7. செலவு

விண்ணப்பக் கட்டணம் போட்டிக்குப் போட்டி, பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். அந்த வருட அறிவித்தலில் உள்ளதை மட்டும் நம்புங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பாதீர்கள். கட்டணத்தை விடக் கையைக் கடிப்பது மற்றவைதான்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, போட்டோ கொப்பி, பதிவுத் தபால் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. நேர்முகத்துக்குக் கொழும்பு போய் வர குளிரூட்டிய இரவு பஸ், ஒருவருக்கு ஆறாயிரம், மூன்று பேருக்குப் பதினெட்டு. வெள்ளவத்தையில் சித்தி வீடு இருந்ததால் தங்கும் செலவு தப்பியது. விளக்கப் பலகை அச்சிட நாலாயிரம். ஆக முப்பதைத் தாண்டியது. மூன்று பேரும் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இருவர் போதும்: ஒருவர் கதைக்க, ஒருவர் கருவியைப் பார்க்க.

விளக்கப் பலகையை யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டுச் சுருட்டிக் கொண்டு போங்கள். கொழும்பில் கடைசி நேரத்தில் தமிழ் எழுத்துரு உடைந்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போன குழுவை என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் கண்டுபிடிப்பு சர்வதேச விருதுக்குத் தெரிவாகியுள்ளது, பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்’ என்று நீங்கள் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். எங்களுக்கு மெரிட் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் அப்படி மூன்று வந்தது.

8. நேரக் கணக்கு

அறிவித்தல் வந்து கடைசித் திகதி வரை சில வாரங்கள்தான் இருக்கும். அந்த வாரங்களில் அனுமதிக் கடிதம் வாங்க முடியாது. எனவே அறிவித்தலுக்கு முன்பே தொடங்குங்கள்.

முன்னளவீட்டுக்கு இரண்டு வாரம், பெட்டியை ஓட விட்டு அளக்க ஆறு வாரம் போனது. கடிதங்களுக்கு எட்டு வாரம் பிடித்தது, ஆனால் அதை மற்ற வேலைகளோடு சமாந்தரமாக ஓட்டலாம். மொழிபெயர்ப்புக்கும் சத்தியக் கடதாசிக்கும் ஒரு வாரம், எழுதித் திருத்த மூன்று வாரம். மொத்தம் நாலு மாதம் வையுங்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளையும் அளவீட்டுக்கு எடுக்காதீர்கள். வீதிகள் மூடியிருக்கும், பஸ்கள் சுற்றிப் போகும், அந்தத் தரவு எதற்கும் உதவாது. பாடசாலை விடுமுறையும் அப்படித்தான். ‘முன்’ அளவீட்டைத் தவணைக் காலத்திலும் ‘பின்’ அளவீட்டை விடுமுறையிலும் எடுத்தால் பஸ்ஸில் கூட்டம் குறைந்ததற்கு உங்கள் பெட்டி காரணமாகாது.

இணையவழி விண்ணப்பம் என்றால் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். கோப்பின் அளவு வரம்பு தாண்டியிருப்பது கடைசி இரவு பதினொன்றரைக்குத்தான் தெரியவரும்.

9. நடுவர் முன்

ஜி.பி.எஸ். கூரைக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. இது தெரிந்திருந்தும் மண்டபத்துக்குள் நேரடியாகக் காட்ட முயன்று மாட்டியவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் கடைசியாக அணைத்த கருவியைக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய், கொங்கிறீற் கட்டடத்துக்குள் திறந்தால் அது செய்மதிகளைப் புதிதாகத் தேடும். செய்மதிகளின் முழு அட்டவணையையும் வானத்திலிருந்து இறக்க, திறந்த வெளியிலேயே பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். எங்களுக்குத் தந்தது பத்து நிமிடம்.

ஆகவே மூன்று விஷயம் செய்யுங்கள். முதல் நாள் ஓடிய ஒரு முழுப் பயணத்தின் பதிவைக் கணினியில் வைத்து, அதையே திரும்ப ஓட்டிக் காட்டுங்கள், ‘இது நேற்றைய பதிவு’ என்று சொல்லிவிட்டு. ஊரில் ஒரு பஸ்ஸில் இன்னொரு பெட்டியை ஓட விட்டு அதை நேரடியாகக் காட்டுங்கள், சாரதி அண்ணைக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். மண்டபத்து வைபையை நம்பாமல் வேறு வேறு கம்பனிகளின் இரண்டு சிம் கொண்டு போங்கள்.

நடுவர் கையில் போனைக் கொடுத்து மிஸ்ட் கோல் போடச் சொன்னோம். பன்னிரண்டு செக்கனில் திரும்ப அழைப்பு வந்தது. தமிழ் தெரியாத அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்து, “நீர்வேலியாம்” என்றார். எங்கள் பத்து நிமிடத்தில் உருப்படியாக நடந்தது அதுதான்.

10. வெளிநாட்டு மேடைகள்

நுண்ணறிவுப் போக்குவரத்துக்கான உலக மாநாடு ஒவ்வொரு வருடமும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசிய பசிபிக் என்று வலயம் மாறி நடக்கிறது. 2024இல் துபாய், 2025இல் அட்லாண்டா, 2026 ஒக்டோபரில் தென்கொரியாவின் கங்னுங். அங்கே ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ என்ற பெயரில் வாழ்நாள் சாதனை, தொழில்துறை, உள்ளூராட்சி என்று வலயவாரியாகக் கௌரவிக்கிறார்கள். உள்ளூராட்சிக்கென்று ஒரு பிரிவு இருப்பதை நம் சபை உறுப்பினர்கள் யாராவது கவனித்தால் நல்லது. எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையானது அங்கே ஆய்வுக் கட்டுரை அனுப்புவது. கட்டுரைச் சுருக்கத்தை மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே கேட்பார்கள், விசாவுக்கும் அழைப்புக் கடிதம் வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதை முதலில் எடுங்கள். 2025 செப்டெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்தில் அலுவலகம் திறந்த பிறகு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓட வேண்டிய தேவை இல்லை.

11. சான்றிதழ் கைக்கு வந்ததும்

படம் எடுப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். ஐந்தாம் படியில் இவ்வளவு சொன்ன நாங்களே மேடையை விட்டு இறங்கி, பஸ் ஏறி, புத்தளம் தாண்டிய பிறகுதான் பார்த்தோம். என் மச்சானின் பெயரில் அப்பா பெயரும் அவன் பெயரும் இடம் மாறியிருந்தன. மண்டபத்திலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். அடுத்த நாள் மின்னஞ்சல், அடையாள அட்டைப் பிரதி, பழைய சான்றிதழைத் திருப்பி அனுப்பப் பதிவுத் தபால். புதியது வர ஆறு வாரம் ஆனது. அதுவும் முகவரியில் ‘நெல்லியடி’ என்று மட்டும் போட்டு, கரவெட்டி என்ற தபாற்கந்தோர்ப் பெயரை எழுதாமல் விட்டதால் இரண்டு தடவை சுற்றி வந்தது.